நாலு நாள் பொறுத்துப் பாருங்கள்!

போன வருஷம் சரஸ்வதி பூஜைக்கு மறுநாள். காலை ஆறரை மணி இருக்கும். டிகாக்‌ஷன் இறங்கிக்கொண்டிருந்தது. வாசலில் மணி அடித்தது. இவ்வளவு காலையில் யார் என்று கதவைத் திறந்தால், எதிர் ஃப்ளாட்டுப் பெண். கையில் ஒரு சின்ன வெள்ளை அட்டை.

"மாமி, கொஞ்சம் வெளிச்சத்துல பார்த்துச் சொல்லுங்கோ. இதுல ஒரு கோடா, ரெண்டு கோடா?"

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஜன்னலோரம் போய்ப் பார்த்தேன். ஒரு கோடுதான். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நேற்றும் பார்த்தாளாம், முந்தாநாளும் பார்த்தாளாம். மூன்று நாளாக மூன்று அட்டை.

தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெண். கல்யாணமாகி ஒன்றரை வருஷம். கணவருக்கு சால்ட் லேக்கில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. ஞாயிற்றுக்கிழமை தோறும் ஊரிலிருந்து மாமியாரின் போன். சமையல், சளி, மழை என்று எதில் ஆரம்பித்தாலும் கடைசியில் "ஏதாவது விசேஷம் உண்டா?" என்ற கேள்வியில்தான் போய் முடியும். கீழ் வீட்டு வங்காளி அம்மாள் கூடப் படியில் பார்க்கும்போதெல்லாம் "கீ கொபோர்?" என்று ஒரு மாதிரி சிரித்துக்கொண்டே கேட்கிறாளாம். 'என்ன சேதி' என்ற சாதாரண விசாரிப்புதான். ஆனால் காத்திருக்கிறவள் காதுக்கு அது வேறு மாதிரித்தானே விழும்!

"போன தடவை எந்தத் தேதியில் குளித்தாய்?" என்று கேட்டேன். சொன்னாள். விரல் விட்டு எண்ணினேன். அன்றைக்கு இருபத்தைந்தாம் நாள். "உனக்கு வழக்கமாக எத்தனை நாளைக்கு ஒரு தரம்?" என்றேன். "முப்பத்துமூணு, முப்பத்துநாலு நாள் ஆகும் மாமி" என்றாள்.

"அடி அசடே! இன்னும் ஒன்பது நாள் இருக்கே. அதுக்குள்ள அந்த அட்டைக்கு என்ன தெரியும்?" என்று உட்காரவைத்துக் காப்பி கொடுத்தேன். அன்று அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். தாயாரோ அக்காவோ பக்கத்தில் இல்லாமல் இந்த ஊரில் குடித்தனம் நடத்தும் நம் பெண்களுக்கு உபயோகப்படும் என்ற எண்ணம்தான். எனக்கும் இதில் சிறிது அனுபவம் உண்டு. 1980களில் தெற்குக் கல்கத்தாவில் ஒரு சிறிய பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவள் நான்.

அட்டை எதைத் தேடுகிறது?

கரு கர்ப்பப்பையின் சுவரில் ஒட்டிக்கொண்ட பிறகுதான் 'எச்.சி.ஜி.' என்ற ஹார்மோன் சுரந்து தாயின் ரத்தத்தில் கலக்கும். ரத்தத்திலிருந்து அது சிறுநீருக்கு வரும். அட்டை தேடுவது இந்த ஒன்றைத்தான். கரு உருவாகியும் இன்னும் ஒட்டாமல் இருந்தால் அட்டைக்கு ஒன்றும் தெரியாது. ஒட்டி ஒரு நாள் ஆகியிருந்தாலும் பெரும்பாலும் தெரியாது. ஆரம்பத்தில் இந்த ஹார்மோன் மிகமிகக் கொஞ்சம். இரண்டு அல்லது மூன்று நாளுக்கு ஒரு முறை இரட்டிப்பாகி, சில நாளில்தான் அட்டைக்கு எட்டும் அளவுக்கு வளரும்.

எத்தனை நாளில் ஒட்டும்? அமெரிக்காவில் வட கரோலினாவில் கருத்தரிக்க விரும்பிய 221 பெண்களின் சிறுநீரைத் தினந்தோறும் சேகரித்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. ஆலன் வில்காக்ஸ் என்ற ஆராய்ச்சியாளரின் குழு அதன் முடிவை 1999இல் வெளியிட்டது. நிலைத்து நின்ற கர்ப்பங்களில், முட்டை வெளிப்பட்டு 6 நாள் முதல் 12 நாளுக்குள் இந்த ஹார்மோன் முதன்முதலாகத் தென்பட்டது. நூற்றுக்கு 84 பேருக்கு 8, 9, 10 ஆகிய மூன்று நாட்களுக்குள்.

இதை நம் வீட்டுக் காலண்டரில் வைத்துப் பார்ப்போம். ஒரு பெண்ணுக்கு ஒன்றாம் தேதி மாதவிலக்கு ஆரம்பம், 28 நாள் சுற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்தது 29ஆம் தேதி வரவேண்டும். முட்டை வெளிப்படுவது அடுத்த விலக்குக்கு ஏறக்குறைய 14 நாள் முன்னால், அதாவது 15ஆம் தேதி வாக்கில். கரு ஒட்டுவது பெரும்பாலும் 23லிருந்து 25க்குள். 29ஆம் தேதி விலக்கு வராவிட்டால் அன்று பார்க்கலாம். இன்னும் நாலு நாள் பொறுத்துப் பார்த்தால் பதில் இன்னும் உறுதி.

அதே பெண்ணுக்கு 35 நாள் சுற்று என்றால்? முட்டை வெளிப்படுவதே 22ஆம் நாள் வாக்கில்தான். கரு ஒட்டுவது 30லிருந்து 32ஆம் நாளுக்குள். அவள் 28 நாள் கணக்கை வைத்துக்கொண்டு 29ஆம் நாள் பரிசோதித்தால், வயிற்றில் கரு இருந்தாலும் அட்டை 'இல்லை' என்றுதான் சொல்லும். அட்டையின் மேல் தப்பு இல்லை. நாம் கேட்ட நாள்தான் தப்பு. எதிர் ஃப்ளாட்டுப் பெண் செய்ததும் இதுதான்.

தள்ளிப்போன முதல் நாளே பார்த்தாலும் நூற்றுக்கு நூறு கிடையாது. அந்த ஆய்வையே வைத்து 2001இல் கணக்கிட்டுச் சொன்னார்கள்: விலக்கு வரவேண்டிய நாளில் கர்ப்பிணிகளில் நூற்றுக்குப் பத்துப் பேருக்குக் கரு இன்னும் ஒட்டியே இருக்காது. எவ்வளவு நுட்பமான சோதனையானாலும் அன்று அவர்களுக்கு 'இல்லை' என்றுதான் வரும். இன்னும் ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் நூற்றுக்கு மூன்று பேர்தான் தவறுவார்கள். எனவே ஒரு கோடு வந்து, விலக்கும் வராமல் இருந்தால், இரண்டு மூன்று நாள் விட்டு ஒரு தரமும், ஒரு வாரம் கழித்து ஒரு தரமும் பாருங்கள். அதற்கும் பதில் கிடைக்காவிட்டால் டாக்டரிடம் போங்கள்.

சுற்று ஒழுங்காக வராதவர்கள் என்ன செய்வது? கடந்த ஆறு மாதத்தில் மிக நீண்ட சுற்று எதுவோ அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். அல்லது தம்பதிகள் கடைசியாகச் சேர்ந்த நாளிலிருந்து 21 நாள் கழித்துப் பாருங்கள்.

அந்தக் காலப் பரிசோதனை

இன்றைக்குக் கையகல அட்டையில் ஐந்து நிமிஷத்தில் முடிகிற காரியம், ஒரு காலத்தில் எலிகளின் உயிரை வாங்கியது. 1920களின் இறுதியில் பெர்லினில் ஆஷ்ஹைம், ஸோண்டெக் என்ற இரு டாக்டர்கள், பெண்ணின் சிறுநீரைச் சின்ன எலிகளுக்கு ஊசி மூலம் செலுத்தி, சில நாள் கழித்து அவற்றை அறுத்துப் பார்த்துக் கர்ப்பம் உண்டா என்று சொன்னார்கள். பிறகு தவளைகள் வந்தன. 1960இல் சுவீடனில் பிராணிகள் இல்லாமலே சோதனைக் குழாயில் கண்டுபிடிக்கும் முறை வந்தது.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது 'கிராவிண்டெக்ஸ்' என்ற கண்ணாடித் தகட்டுச் சோதனை. காலையில் பெண்கள் ஹார்லிக்ஸ் பாட்டிலிலும் மருந்து பாட்டிலிலும் முந்தானைக்குள் மறைத்துக் கொண்டுவந்து கொடுப்பார்கள். தகட்டில் துளி விட்டு, மருந்தைக் கலந்து, ஆட்டிப் பார்ப்போம். பொடிப்பொடியாகத் திரிந்தால் கர்ப்பம் இல்லை. பால் போல அப்படியே இருந்தால் கர்ப்பம். அந்தச் சோதனைக்கு நுட்பம் குறைவு. அதனால் நாள் தள்ளி இரண்டு வாரமாவது ஆன பிறகு வரச்சொல்வோம். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. நம் பாட்டிமார்களும் அப்படித்தானே? "முழுகாமல் இருக்கிறாள்" என்று ஒருத்தியைப் பற்றிச் சொல்வதற்கு முன் நாற்பது, ஐம்பது நாள் வாயைத் திறக்கமாட்டார்கள்.

வீட்டிலேயே பார்க்கும் முறைக்கு வழிவகுத்தவரும் ஒரு பெண்தான். மார்கரெட் கிரேன். டாக்டர் அல்ல, அமெரிக்காவில் ஒரு மருந்துக் கம்பெனியில் பெட்டிகளுக்கு வடிவமைப்புச் செய்துகொண்டிருந்தவர். 1967இல் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் வரிசையாக நின்ற சோதனைக் குழாய்களைப் பார்த்து, "இதைப் பெண்கள் வீட்டிலேயே செய்துகொள்ளலாமே!" என்று நினைத்தார். முதலில் எதிர்ப்புத்தான். 1970களில் அது கனடாவிலும் அமெரிக்காவிலும் கடைக்கு வந்தது. முதல் சேதி டாக்டருக்கும் கணவருக்கும் முன்னால் அந்தப் பெண்ணுக்கே தெரிந்தது அதன் பிறகுதான்.

நம் ஊரில் நடந்த கதை

காத்திருப்பைப் பற்றி எழுதும்போது இந்தக் கல்கத்தாவில் நடந்ததைச் சொல்லாமல் விட முடியாது. டாக்டர் சுபாஷ் முகர்ஜி 1931இல் ஹஜாரிபாகில் பிறந்தவர், இங்கே படித்தவர். எடின்பரோவில் ஹார்மோன்களை அளக்கும் நுட்பத்தில் ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் பெற்று, 1967இல் கல்கத்தா திரும்பினார். கருக்குழாய் பழுதுபட்டுக் குழந்தை இல்லாதிருந்த ஒரு பெண்மணிக்கு, சுனித் முகர்ஜி, சரோஜ் காந்தி பட்டாசார்யா ஆகியோரின் துணையோடு வைத்தியம் செய்தார். ஹார்மோன் ஊசியால் முட்டைகளை வளரச் செய்து, வெளியே கருவாக்கி, அந்தக் கருவை உறையவைத்தார். உடனே தாயின் வயிற்றில் வைக்கவில்லை. அந்த ஊசிகளின் வேகம் அடங்கிக் கர்ப்பப்பை இயல்புக்கு வரட்டும் என்று 53 நாள் பொறுத்திருந்து, பிறகு வைத்தார். 1978 அக்டோபர் 3ஆம் தேதி, நவராத்திரி தொடங்கும் வேளையில், ஒரு பெண் குழந்தை பிறந்தது. உலகத்துக்கு அவளை 'துர்க்கா' என்று அறிமுகப்படுத்தினார்கள். உலகின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தை இங்கிலாந்தில் பிறந்து சரியாகப் பத்து வாரம்தான் ஆகியிருந்தது.

ஆனால் அவரை நம்பவில்லை. அரசாங்கம் அமைத்த விசாரணைக் குழு அவர் சொன்னதை ஏற்கவில்லை. ஜப்பானுக்குப் போய் விஷயத்தை விளக்க அழைப்பு வந்தும் அனுமதி கிடைக்கவில்லை. 1981இல் கண் மருத்துவ நிலையத்துக்கு மாற்றினார்கள். அந்த வருஷம் ஜூன் 19ஆம் தேதி அவர் தம் உயிரைத் தாமே முடித்துக்கொண்டார். தபன் சின்ஹா எடுத்த 'ஏக் டாக்டர் கி மௌத்' படத்தை நம்மில் பலர் பார்த்திருப்போம். அதன் மூலம் ரமாபத சௌதுரி எழுதிய நாவல். அதற்குத் தூண்டுதல் இவருடைய வாழ்க்கைதான்.

1986இல் பம்பாயில் பிறந்த குழந்தையே இந்தியாவின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தை என்று வெகுநாள் சொல்லிவந்தார்கள். அந்தச் சாதனையில் பங்குபெற்ற விஞ்ஞானி டி.சி. ஆனந்த் குமார், முகர்ஜியின் குறிப்புகளைப் படித்துவிட்டு, 1997இல் "முதலில் செய்தவர் இவரே" என்று பகிரங்கமாக எழுதினார். தன் பெருமையைத் தானே விட்டுக்கொடுக்க எத்தனை பேருக்கு மனம் வரும்!

இன்னொன்றும் இதில் உண்டு. ஊர் முழுக்க வாதம் நடந்தபோதும் துர்க்காவின் பெற்றோர் தங்களை வெளிக்காட்டிக்கொள்ள விரும்பவில்லை. அந்தப் பெண்ணே வளர்ந்து, தன் இருபத்தைந்தாவது வயதில், தான் யார் என்று வெளியே சொன்னாள். குழந்தைச் சேதி யாருடையதோ, அதைச் சொல்லும் உரிமையும் அவர்களுடையதே.

செய்யும் முறை

இனி நடைமுறைக்கு வருவோம். மருந்துக் கடையில் வாங்கும்போது காலாவதித் தேதியைப் பாருங்கள். ஆஷா பணியாளர்கள் மூலம் 'நிஷ்சய்' என்ற பெயரில் அரசாங்கமும் இந்த அட்டையை வழங்குகிறது. வீட்டு வேலைக்கு வரும் பெண்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

தூங்கி எழுந்ததும் முதலில் போகும் சிறுநீர் நல்லது, இரவு முழுவதும் சேர்ந்து அடர்த்தியாக இருக்கும். இரண்டு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டுப் பார்த்தால் நீர்த்துப் போய்விடும். உலர்ந்த, சுத்தமான கிண்ணத்தில் பிடித்து, அட்டையோடு வரும் குழலால், தாளில் சொல்லியிருக்கும் அளவு துளிகளை மட்டும் விடுங்கள். கடிகாரத்தைப் பார்த்து, சொல்லியிருக்கும் நிமிஷத்தில் படியுங்கள். ஒரு மணி நேரம் கழித்துக் குப்பையிலிருந்து எடுத்துப் பார்த்தால் ஈரம் காய்ந்த தடம் சாம்பல் கோடு மாதிரித் தெரியும். அதை நம்பாதீர்கள்.

'சி' என்ற இடத்தில் கோடு வந்தே ஆகவேண்டும். வராவிட்டால் அட்டை கெட்டுப்போனது, வேறு எடுங்கள். 'சி'யோடு 'டி'யிலும் கோடு வந்தால் கர்ப்பம். உரிய நேரத்துக்குள் 'டி' கோடு மங்கலாக வந்தாலும் அது கோடுதான். இரண்டு நாள் விட்டு இன்னொரு தரம் பாருங்கள்.

குழந்தைக்காக வைத்தியம் செய்துகொள்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. முட்டை வெளிவர டாக்டர்கள் போடும் ஊசிகளில் ஒன்று இதே எச்.சி.ஜி. தான். அதன் மிச்சம் பத்துப் பதினாலு நாள் உடம்பில் இருக்கலாம். அதற்குள் அட்டையில் பார்த்தால் ஊசியையே கர்ப்பம் என்று காட்டிவிடும். டாக்டர் சொல்லும் தேதியில் ரத்தப் பரிசோதனைதான் செய்யவேண்டும்.

ஏன் இவ்வளவு சொல்கிறேன்?

சீக்கிரம் பார்த்தால் ஒரு அட்டைக் காசுதானே நஷ்டம் என்று கேட்கலாம். அப்படி இல்லை. 'இல்லை' என்று அட்டை சொன்னதை நம்பி, சில பெண்கள் ஃபோலிக் ஆசிட் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். இடுப்பு வலிக்கு, முகப்பருவுக்கு என்று கிடைத்த மருந்தைச் சாப்பிடுகிறார்கள். குழந்தையின் மூளைக்கும் முதுகுத்தண்டுக்கும் அடித்தளமான குழாய் கரு உருவான நாலு வாரத்துக்குள் மூடிவிடுகிறது. பலருக்கு அட்டை 'உண்டு' என்று சொல்லும்போதே அதில் பாதி நாள் போய்விட்டிருக்கும். எனவே குழந்தை வேண்டும் என்று தீர்மானித்த நாளிலிருந்தே தினம் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் ஆசிட் எடுத்துக்கொள்ளுங்கள். ஏற்கனவே ஏதாவது மருந்து சாப்பிடுபவர்கள் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

இன்னொரு நஷ்டம் மனசுக்கு. அந்த வட கரோலினா ஆய்வில், ஹார்மோன் தென்பட்ட கர்ப்பங்களில் நாலில் ஒன்று, ஆறு வாரம் ஆவதற்குள்ளேயே கலைந்துவிட்டது. இவற்றில் பல, அட்டை இல்லாத காலத்தில், 'இந்த மாதம் இரண்டு நாள் தாமதம்' என்பதோடு போயிருக்கும். மிகச் சீக்கிரம் பார்ப்பவர்களுக்கு அதுவும் ஒரு இழப்பாகத் தெரியவரும். எனக்குத் தெரிந்த ஒரு பெண், விலக்கு வர நாலு நாள் இருக்கும்போதே மங்கலான கோட்டைப் பார்த்து, பொங்கல் விழாவில் எல்லோரிடமும் சொல்லிவிட்டாள். அடுத்த வாரம் விலக்கு வந்துவிட்டது. பிறகு ஆறு மாதம் எந்த விழாவுக்கும் அவள் வரவில்லை. அவள் நடந்ததாலோ, மாடிப்படி ஏறியதாலோ, பப்பாளி சாப்பிட்டதாலோ அப்படி ஆகவில்லை. இவ்வளவு ஆரம்பத்தில் கலைவது பெரும்பாலும் கருவிலேயே உள்ள குறையால்தான் என்பதை அவளுக்கு யாராவது அன்றே சொல்லியிருக்கலாம்.

இரண்டு கோடு வந்தாலும் ஒன்றை மறக்கக்கூடாது. கர்ப்பம் உண்டு என்றுதான் அட்டை சொல்லும், எங்கே என்று சொல்லாது. சிலருக்குக் கரு குழாயிலேயே தங்கிவிடும். அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் கடுமையான வலி, ரத்தப்போக்கு, தலைசுற்றல், தோள்பட்டை நுனியில் வலி, இவற்றில் எது வந்தாலும் நேரம் காலம் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும். ஊரிலிருந்து அம்மா கோரமண்டலில் வந்து சேரட்டும் என்று காத்திருக்கக்கூடாது.

எதுவரை பொறுப்பது?

எந்தக் குறையும் இல்லாத இளம் தம்பதிகளுக்குக் கூட ஒரு மாதத்தில் கருத்தரிக்கும் வாய்ப்பு நாலில் ஒன்று, ஐந்தில் ஒன்றுதான். எனவே இரண்டு மூன்று மாதம் ஒரு கோடே வந்தால் பயப்பட ஒன்றுமில்லை. 35 வயதுக்கு உட்பட்டவர்கள் ஒரு வருஷம் பார்க்கலாம். 35ஐத் தாண்டியவர்கள் ஆறு மாதத்திலேயே டாக்டரைப் பார்ப்பது நல்லது. விலக்கு ஒழுங்கில்லாதவர்களும் தைராய்டு கோளாறு உள்ளவர்களும் அவ்வளவு கூடக் காத்திருக்க வேண்டாம். போகும்போது கணவனும் மனைவியும் சேர்ந்து போங்கள். குறை பெண்ணிடம் மட்டும்தான் என்பது பழைய பேச்சு. ஆணுக்கும் பரிசோதனை உண்டு, அது மிகச் சுலபமானதும் கூட.

வீட்டில் பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். "விசேஷம் உண்டா?" என்று கேட்பது அன்பினால்தான் என்பது எனக்குத் தெரியும். நானும் கேட்டவள்தான். ஆனால் இருந்தால் அவர்களே சொல்வார்கள். இல்லாதவளிடம் கேட்டால், அடுத்த நாள் காலை அவள் இன்னொரு அட்டை வாங்கப் போவாள்.

எதிர் ஃப்ளாட்டுப் பெண் அன்று கணக்கைக் காலண்டரில் குறித்துக்கொண்டு போனாள். மீதியிருந்த இரண்டு அட்டைகளை என்னிடமே கொடுத்து, "நீங்களே வச்சுக்கோங்கோ மாமி, தேதி வந்தப்புறம் வாங்கிக்கறேன்" என்றாள். அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்தேன். சரியாகப் பதின்மூன்றாம் நாள் காலை வந்து ஒன்றை வாங்கிக்கொண்டு போனாள்.

அதில் ஒரு கோடா, இரண்டு கோடா என்றுதானே கேட்கப்போகிறீர்கள்? அது அவள் சொல்லவேண்டிய சேதி. நான் சொல்லக்கூடாது.